செய்முறை இருக்கட்டும், பேட்சைக் காட்டுங்கள்

பீரின் கசப்பு எனக்கு ஆகாது. ருசி பார்க்க ஒரு வாய், அதோடு சரி. ஆனாலும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று கணக்குப் போடுவதில் அவை கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. என்ன நடந்தது என்று எழுதி வைக்கும் இடத்துக்கு வந்ததும் சோம்பிவிடுகின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறவர்களோ இன்னும் ஒரு படி கீழே.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்தை ஒட்டிய பீவர்ட்டனில். நான் ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மகளோடு இருக்க வந்தோம். வந்த இடத்தில் என் கணவருக்குப் பொழுது போகவில்லை. போர்ட்லாந்தில் ஸ்டைன்பார்ட் என்று ஒரு கடை இருக்கிறது; 1918இல் தொடங்கியது, வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடைகளில் இந்த நாட்டிலேயே பழையது. அங்கே ஒரு நாள் எட்டிப் பார்த்தவர் பெரிய அலுமினிய அண்டாவோடு திரும்பினார். அன்றிலிருந்து காரை வெளியே நிறுத்துகிறோம். அவர் கிண்டுவார், நான் எழுதுவேன்.

தமிழ்ப் பத்திரிகையில் இதை எழுதுவதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சேலத்துக்காரி. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலான மாவட்டம் அது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அந்தச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். இங்கே வேறு. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 757 லிட்டர், வரியில்லாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச அனுமதித்தது. அதுவும் பீருக்குத்தான், வடித்தெடுக்கும் சாராயத்துக்கு அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதைப் படித்துவிட்டு இதைப் படிப்பவருக்கு முகம் சுளிக்கத் தோன்றினால் எனக்குப் புரிகிறது. என் தங்கை இன்றுவரை எங்கள் காராஜை 'ஊறல் போட்ட இடம்' என்றுதான் சொல்கிறாள். நான் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் செய்கிறவன் எதை எழுதி வைக்க வேண்டும் என்பதே என் பேச்சு. பீர் அதற்கு வாய்த்த நல்ல உதாரணம்.

வேலை இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். 65 முதல் 69 டிகிரி செல்சியஸுக்குள் பார்லியில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே கீழ்ப்பக்கம் நின்றால் பீர் வறட்சியாக வரும், மேல்பக்கம் நின்றால் கனமாக, கொஞ்சம் இனிப்பாக வரும். பிறகு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, மறுபடி கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தால் இன்னும் இரண்டு வாரத்தில் நுரைக்கும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு இருக்கிறது, மென்பொருள் அதில் கெட்டி. மார்கழிக் குளிரில் காராஜில் கிடக்கும் மால்ட் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக் கிலோ மால்ட், 14 லிட்டர் தண்ணீர், கலவை 67 டிகிரியில் நிற்க வேண்டும் என்றால் தண்ணீரை 74 டிகிரிக்குச் சூடாக்கு என்கிறது. கோடையில் அதே மால்ட் 28 டிகிரியில் இருந்தால் 72 போதும் என்கிறது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை 20 டிகிரிக்கு அளவு பிடித்திருப்பார்கள். 40 டிகிரிச் சூட்டில் அது 1.050 என்று காட்டினால் உண்மையில் ஏறத்தாழ 1.056. இதையும் மென்பொருள் திருத்திச் சொல்கிறது. இங்கிலாந்துக்காரரின் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.79 லிட்டர், பழைய ஆங்கிலேயப் புத்தகத்துச் செய்முறையை அப்படியே எடுத்தால் ஆறில் ஒரு பங்கு குறையும், அதையும் பார்த்துக்கொள்கிறது. இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். பீர் காய்ச்சுவது பற்றிச் சார்லி பபாசியன் 1984இல் வெளியிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு கால்குலேட்டரும் கையுமாக இந்தக் கணக்குகளைப் போட்ட தலைமுறை இன்னும் போர்ட்லாந்தில் இருக்கிறது. அவர்களில் யாரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கோளாறு தசமப் புள்ளிக்குப் பின்னால் தொடங்குகிறது. கசப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கர்கள் அதை ஐபியு என்ற அலகில் சொல்வார்கள். 19 லிட்டரில், அடர்த்தி 1.050 உள்ள சாற்றில், கசப்பைத் தரும் ஆல்பா அமிலம் 5.5 சதவீதம் உள்ள கேஸ்கேட் ஹாப்ஸ் 28 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் எவ்வளவு கசக்கும்? டின்செத் என்பவரின் சூத்திரம் 18.7 என்கிறது. ரேகர் என்பவரின் சூத்திரம் 25 என்கிறது. இரண்டும் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கின்றன, அமைப்புப் பக்கத்தில் ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம். அதே பூ, அதே தண்ணீர், அதே அடுப்பு. கசப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் அந்த 5.5 என்பது பொட்டலம் அடைத்த நாளின் கணக்கு. கேஸ்கேட் ஆரிகனிலேயே பிறந்த ரகம், கோர்வாலிஸில் உருவாக்கி 1972இல் வெளியிட்டார்கள். ஒரு விளைச்சலில் நாலரை சதவீதம் இருக்கும், இன்னொன்றில் ஏழைத் தொடும். குளிரில் வைக்காமல் அலமாரியில் கிடந்தால் மாதாமாதம் இறங்கும். இவ்வளவு நிச்சயமின்மையையும் விழுங்கிவிட்டுத் திரை 18.7 என்று காட்டுகிறது. மருந்துக் கம்பெனியில் ஒரு பையன் இப்படி எழுதிக் கொண்டுவந்தால், "அந்தப் புள்ளி ஏழு எங்கேருந்து வந்துச்சு தம்பி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சர்க்கரைக் கணக்கும் அப்படியே. மால்ட்டில் இருக்கும் சத்தில் எத்தனை சதவீதம் நம் பாத்திரத்தில் வந்து சேர்கிறது என்பதை மென்பொருள் கேட்கும். நமக்குத் தெரியாது. எனவே அது தானே 70, 72 என்று ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளும். நாலரைக் கிலோ மால்ட்டில் 20 லிட்டர் எடுத்தால், 72 சதவீதத்துக்கு அடர்த்தி 1.050 வரும். நம் அண்டாவும் நம் வடிகட்டியும் 65 சதவீதம்தான் தரும் என்றால் 1.045. ஆல்கஹாலில் அரை சதவீதம் போய்விடும். 65ஆ 72ஆ என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்து எழுதினால்தான் தெரியும். அதுவும் ஒரு முறை பார்த்தால் போதாது.

இங்கேதான் என் பழைய தொழில் குறுக்கே வருகிறது. மருந்து செய்யும் இடத்தில் இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று மாஸ்டர் ஃபார்முலா: இந்த மாத்திரையை இப்படிச் செய்ய வேண்டும் என்பது. இன்னொன்று பேட்ச் ரெக்கார்டு: இந்தத் தேதியில், இந்த எண் கொண்ட பேட்சை, இன்னார் இப்படிச் செய்தார் என்பது. முதலாவதை வருஷத்துக்கு ஒரு தரம் யாராவது திறப்பார்கள். இரண்டாவது இல்லாமல் ஒரு பெட்டி மாத்திரை வாசலைத் தாண்டாது. அதில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமானால் ஒரே ஒரு கோடு அடிக்க வேண்டும். அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. எழுதாத வேலை செய்யாத வேலை. அதிகாரி வந்தால் செய்முறையைக் கேட்க மாட்டார். "பேட்ச் ரெக்கார்டைக் காட்டுங்க" என்பார்.

பீர் மென்பொருளில் இந்த உறவு தலைகீழாகக் கிடக்கிறது. செய்முறைப் பக்கம் வண்ணமயமாக இருக்கும். எந்த வகை பீருக்கு எவ்வளவு கசப்பு, என்ன நிறம் என்று சறுக்குப் பட்டைகள் ஓடும். கண்ணாடிக் கோப்பையின் படம்கூட நிறம் மாறிக்கொண்டே வரும். அளந்ததை எழுதும் கட்டங்கள் வேறொரு தாளில், சாம்பல் நிறத்தில் ஒதுங்கியிருக்கும். அவற்றைக் காலியாக விட்டாலும் எதுவும் குடிமுழுகிப் போகாது. மேலே 'ஆல்கஹால் 5.1 சதவீதம்' என்று கம்பீரமாக நிற்கும். அது கணித்த எண். அளந்த எண்ணின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அளந்த எண்ணைப் போலவே முறைக்கும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வருஷம் கழித்துக் காய்ச்சியவருக்கே தெரியாது.

என் கணவரோடு எனக்கு நடக்கும் சண்டையில் பாதி இதைப் பற்றித்தான்.

"ஏங்க, புட்டியில அடைக்கறதுக்கு முன்னாடி கடைசி அடர்த்தி பாத்தீங்களா?"

"குமிழ் வர்றது நின்னு நாலு நாளாச்சும்மா. எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"பாத்தீங்களா, இல்லையா?"

"இது என்ன மருந்துக் கம்பெனியா?"

மருந்துக் கம்பெனி இல்லைதான். ஆனால் கண்ணாடிப் புட்டி. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்னால், 20 லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரையையும் சேர்த்து அடைத்து மூடினால், மிச்சமிருந்த சர்க்கரையும் வாயுவாகி அழுத்தம் ஏறும், புட்டி வெடிக்கும். சில நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். குமிழ் நிற்பது சாட்சி ஆகாது. மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு வேறு வழியாகப் போனாலும் குமிழ் நிற்கும். இந்த இரண்டு அளவுகளையும் தேதியோடு எழுதும் வரை புட்டிச் சர்க்கரைக் கணக்கைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு மென்பொருள் வந்தால், நான் முதல் ஆளாகச் சந்தா கட்டுவேன். இப்போது இருப்பவை கேட்ட மாத்திரத்தில் கணக்கைக் கொடுத்துவிடுகின்றன.

எல்லா மென்பொருளும் ஒரே தரம் என்று சொல்லிவிட முடியாது. நார்வேயிலிருந்து வரும் ப்ரூஃபாதர் பேட்சைத் தனியாகவே வைத்திருக்கிறது. காய்ச்சத் தொடங்கும்போது செய்முறையைப் பிரதி எடுத்துக்கொள்ளும். பின்னால் செய்முறையைத் திருத்தினாலும் பழைய பேட்ச் கெடாது. பீர்ஸ்மித் 2003 முதல் இருக்கும் பழைய கை. அதிலும் காய்ச்சிய நாளின் பிரதியை எடுத்து வைக்க வழி உண்டு, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ப்ரூடார்கெட் இலவசம், திறந்த மூலம். எண்கள் நம் கணினியிலேயே ஒரு தரவுத்தளக் கோப்பில் இருக்கும். ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. எதை முன்னால் வைப்பது என்பதில்தான் புத்தி பிசகியிருக்கிறது.

பிசகின் வேரைப் பார்க்க வேண்டுமானால் பீர்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்றில் திறப்பதற்காக ஏற்பட்ட ஒப்பந்தம் அது. நல்ல காரியம். அதில் ஹாப்ஸுக்கு ஒரு பதிவு, மால்ட்டுக்கு ஒன்று, ஈஸ்ட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று. பேட்சுக்கு? கிடையாது. செய்முறைக்குள்ளேயே தேதிக்கு ஒரு கட்டம், அளந்த அடர்த்திக்கு இரண்டு கட்டம் என்று மூலையில் கொஞ்சம் இடம். ஒரே செய்முறையை ஒரு வருஷத்தில் பலமுறை காய்ச்சினால், அந்த இரண்டு கட்டத்தில் எந்த முறையின் எண்ணை எழுதுவது? அதனால் ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்குக் குடிபெயரும்போது செய்முறைகள் பத்திரமாக வந்து சேர்கின்றன. வரலாறு பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது. நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதும் செய்முறையைத்தான். ஊரெல்லாம் சுற்றும் செய்முறைகளில் பலவும் ஒருமுறைகூடக் காய்ச்சப்படாதவை என்பது என் சந்தேகம். நிரூபிக்க வழியில்லை, எழுதி வைத்திருந்தால்தானே.

"அக்கா, அம்மா எந்த மென்பொருளை வச்சு மாவாட்டினாங்க?" என்று என் தங்கை போனில் கேட்டாள். நல்ல கேள்வி, லேசாகத் தள்ள முடியாது. அம்மா வாரத்துக்கு மூன்று தரம் மாவு ஆட்டினாள். இன்று உளுந்து கூடினால் நாளைக் காலை இட்லி சொல்லிவிடும். மறுநாள் மறுபடி ஊறப்போடும்போது கை தானாகத் திருத்திக்கொள்ளும். ஐம்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை. பீர் அப்படியில்லை. இன்று செய்த தவறு நாலு வாரம் கழித்துத்தான் நாக்குக்குத் தெரியும், அதற்குள் இன்னொரு அண்டா அதே தவறோடு மூடிவைக்கப்பட்டிருக்கும். மாதம் ஒன்று என்று காய்ச்சினால் வருஷத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஒரே வகை மூன்றோ நாலோ தேறும். கைக்குப் பழக இது போதாது. அதனால்தான் காகிதம் வேண்டியிருக்கிறது.

மூன்று நாலு எண்களை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்ற கேள்வியே பீர் ஆலையில் பிறந்ததுதான். வில்லியம் சீலி காசெட் 1899இல் டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியிலும் ஹாப்ஸிலும் மால்ட்டிலும் சோதனை செய்ய அவருக்குக் கிடைத்தவை சிறிய மாதிரிகள். அன்றிருந்த புள்ளியியலோ நிறைய எண்கள் கையில் இருந்தால்தான் பேசும். அந்த இடைவெளியை நிரப்பி 1908இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்' என்று கையெழுத்திட்டார். நாங்கள் மாத்திரைகளின் எடையையும் கரையும் நேரத்தையும் ஒப்பிட நாள்தோறும் போட்ட டி-சோதனை அவருடையது. ஓசூரில் அதைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது பீர்க்காரர் தந்த கொடை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் மேலாளர் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார், அத்தனை ஆசாரம்.

அளப்பதற்கு எதிர்ப்பும் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற ஆங்கிலேய இளைஞர் ஹைட்ரோமீட்டரை வாங்கி, பீர் காய்ச்சும் தன் தந்தைக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துச் சோதனை செய்தார். தந்தைக்கு இந்தப் புதுக் கருவிகளே ஆகாது. 1784இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன், காய்ச்சுகிறவர்களுக்கென்றே அளவு பிடித்த கருவியைப் பற்றி எழுதியபிறகுதான் கருவியால் அளக்கும் முறை வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை சாற்றின் பலத்தை விரலும் நாக்கும் பார்த்துச் சொல்லின.

ஆனால் ஏட்டில் எழுதாமலே நூற்றாண்டுகளாக நன்றாகக் காய்ச்சியவர்களும் இருக்கிறார்கள். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் க்வெய்க் என்ற ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்தார்கள். மரவளையத்தில் ஒட்டி உலர்த்தி மாட்டி வைப்பார்கள். அடுத்த முறை காய்ச்சும்போது எடுத்துப் போடுவார்கள். 30 முதல் 40 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்யும், மற்ற ஈஸ்ட்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டில் நாற்றம் பிடிக்கும். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் வெப்பம் 46.7 டிகிரியைத் தொட்டது. எங்கள் காராஜில் அந்த வாரம் மூடிவைத்திருந்தது வோஸ் ஊர்க் க்வெய்க். பாத்திரத்தில் ஒட்டிய வெப்பமானிப் பட்டை 38 காட்டியது, அதுவும் ஏட்டில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் மணத்தோடு, அந்தக் கோடையின் நல்ல பீர் அதுதான் என்று குடித்தவர்கள் சொன்னார்கள்.

இந்தப் பண்ணைக்காரர்களைக் காட்டி "பார், மென்பொருள் எதற்கு" என்பார் என் கணவர். நான் காட்டுவது வேறு. அவர்களுக்கு ஒரே கிணறு, ஒரே வயல், ஒரே பாத்திரம், கூடவே நிற்கும் ஒரு தாத்தா. அந்தச் சங்கிலி அறுந்த பள்ளத்தாக்குகளில் ஈஸ்ட்டும் போயிற்று, கைப்பக்குவமும் போயிற்று. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் எழுதியது. 1950களில் நார்வேயின் இனவியல் ஆய்வாளர்கள் ஊர் ஊராக வினாத்தாள் அனுப்பி, உங்கள் வீட்டில் எப்படிக் காய்ச்சினீர்கள் என்று கேட்டு வாங்கி வைத்த பதில்கள் அவை. லார்ஸ் மரியுஸ் கார்ஷோல் அந்தத் தாள்களைப் படித்து, பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்த்து எழுதினார். 2020இல் புத்தகமாக வந்தது. கார்ஷோல் தொழிலால் மென்பொருள் பொறியாளர். அந்தப் பதில்களின் மதிப்பே இதில்தான்: எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று அவை போதிக்கவில்லை, நாங்கள் இப்படிக் காய்ச்சினோம் என்று சொல்கின்றன.

எழுதி வைத்தது யார் வீட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். சியாட்டிலில் பிகோப்ரூ என்று ஒரு நிறுவனம் இருந்தது. பொட்டலத்தைச் செருகினால் தானே பீர் காய்ச்சும் பெட்டிகளை விற்றது. செய்முறைக்காக அந்தப் பெட்டி நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். 2020இல் நிறுவனம் நொடித்தது. வாங்கியவர்களில் விவரம் தெரிந்த சிலர், கைக்கு அடக்கமான ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும் மாற்று சர்வரைத் தாங்களே எழுதித் தங்கள் பெட்டிகளுக்கு உயிர் கொடுத்தார்கள். விவரம் தெரியாதவர்களுக்கு மிஞ்சியது எஃகுப் பெட்டி. ப்ரோமாஷ் என்ற பழைய மென்பொருள் வேறு விதம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இங்கே பாதிப் பேர் அதைத்தான் வைத்திருந்தார்களாம். புதுப்பிப்பு நின்று வெகு காலம் ஆகிவிட்டது, ஆனால் நம் கணினியிலேயே இருந்த நிரல் என்பதால் பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இன்னும் அதைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். செய்முறை தொலைந்தால் இன்னொருவரிடம் வாங்கிக்கொள்ளலாம். பேட்ச் வரலாறு தொலைந்தால் நம் அண்டா எத்தனை சதவீதம் தரும், நம் காராஜ் பங்குனியில் எத்தனை டிகிரி நிற்கும் என்பதை உலகத்தில் வேறு யாரிடமும் வாங்க முடியாது. அதனால் சந்தா கட்டும் மென்பொருளானாலும் மாதத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் இறக்கி என் கணினியில் வைக்கிறேன், அச்செடுத்தும் கோக்கிறேன். அச்சுத் தாளைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. கணித்த எண்ணையும் அளந்த எண்ணையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் காட்டாதீர்கள். அளக்காத இடத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். கசப்பை 18.7 என்று சொல்லாமல் 'பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள்' என்று சொல்லும் துணிச்சல் வேண்டும், விற்பனை குறையாது. நாலைந்து பேட்சுக்கு அளந்து எழுதியவருக்கு, அவர் எண்ணிலிருந்தே அவர் அண்டாவின் சதவீதத்தைக் கணக்கிட்டு, 'உங்கள் வீட்டில் இவ்வளவுதான் வருகிறது, 72ஐ மாற்றலாமா' என்று கேளுங்கள். எழுதிய எண்ணை மாற்றினால் பழைய எண்ணும் மாற்றிய தேதியும் தெரியட்டும். மருந்துத் துறையில் மின்னணு ஏடுகளுக்கு அமெரிக்க அரசு இந்த விதியை 1997லேயே கொண்டுவந்துவிட்டது, தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொது வடிவத்தில் பேட்சுக்கென்று ஒரு பதிவைச் சேர்த்தால் போதும், பாதி வழக்கை நான் வாபஸ் வாங்கிக்கொள்வேன்.

காய்ச்சுகிறவர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. யாராவது செய்முறை கேட்டால் பேட்ச் தாளையும் சேர்த்து அனுப்புங்கள், சொதப்பியதையும் சேர்த்து. என் கணவர் இப்போது அப்படித்தான் செய்கிறார், நான் பக்கத்தில் நிற்பதால். பீனிக்ஸில் இருக்கும் அவருடைய கல்லூரி நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "ஏன்டா, இத்தனை தாள் அனுப்பியிருக்கே, இதுல எதுடா உன் ரெசிப்பி?"

"பிப்ரவரி பேட்ச். ஆனா ஈஸ்ட் போடற சூடு மட்டும் ஏப்ரல்ல உள்ளபடி வச்சுக்கோ. உன் ஊரு வெயிலுக்கு அதுவும் சரிப்படுமான்னு தெரியாது, அளந்து எழுதி அனுப்பு."